சத்தியவேட்டு நிலத்துக்குப் புது எண் வந்தது. பழவேற்காட்டுப் பாடு உரிமைக்குப் பதிவு எங்கே?

தடாக்காரி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையில் தடாவில் வசிக்கிறோம். வீட்டுக்குள் தமிழ், வெளியே தெலுங்கு. எங்கள் தந்தைவழிச் சொத்து சத்தியவேட்டுப் பக்கம் 2.40 ஏக்கர் புஞ்சை. தாத்தா அதை வாங்கிய காலத்தில் அந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால் கிரயப் பத்திரம் தமிழில் உள்ளது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியபின் அடங்கல் (சாகுபடிக் கணக்கு), ஒன்-பி (உரிமைப் பதிவு), பட்டாதார் பாஸ்புத்தகம் எல்லாமே தெலுங்கில் வந்தன. 2020 டிசம்பரில் ஆந்திர அரசு தொடங்கிய ரீசர்வே (நில மறு அளவை) எங்கள் ஊருக்கும் வந்து, பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக எல்.பி.எம். எண் (நிலத் துண்டு வரைபட எண்) கொடுத்துவிட்டார்கள். அதில் பரப்பு 2.31 ஏக்கர் என்று இருக்கிறது. அதோடு என் தந்தையின் பெயரும் பக்கத்து நிலத்துச் சித்தப்பாவின் பெயரும் ஒரே எண்ணின்கீழ் கூட்டாக ஏறியுள்ளன. பத்திரத்தில் உள்ள பரப்பு நிற்குமா, புது வரைபடத்தில் உள்ள பரப்பு நிற்குமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. என் தாய்மாமன் பழவேற்காடு ஏரியில் பாடு உரிமை, அதாவது முறை வைத்து மீன் பிடிக்கும் உரிமை, உள்ள குப்பத்துத் தலைக்கட்டு (குடும்பத் தலைவர்). முறை வரும் நாளில், குறித்த இடத்தில், சுத்து வலை கட்டி இறால் பிடிப்பார். முறை இல்லாத நாளில் அந்த இடத்துக்கே போகமாட்டார். இது அவருடைய தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. ஆனால் இதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விளையாத புஞ்சைக்கு வரைபடம், எண், பாஸ்புத்தகம் என மூன்று சான்றுகள் இருக்க, ஒரு குடும்பத்தையே காப்பாற்றும் நீர்ப்பரப்புக்கு ஏன் ஒன்றும் இல்லை? ஏரியின் நடுவில் மாநில எல்லை எங்கே போகிறது என்பதிலேயே இரு பக்க மீனவர்களுக்கும் அடிக்கடி தகராறு வருகிறது. மாமன் மகன் பாடு இடங்களையெல்லாம் கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸில் குறித்து வைத்திருக்கிறான். அதை வரைபடமாக்கிப் பதிவு செய்துவிட்டால் பட்டா போலப் பயன்படுமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர், சூளூர்பேட்டை:

அம்மா, முதலில் நிலத்தை முடித்துவிடுவோம். உங்கள் பழைய புலப்படம் சங்கிலியால் அளந்து வரைந்தது. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மூலைவிட்டம் போட்டு, அதிலிருந்து இருபுறமும் செங்குத்தாக வரப்பு வளைவுகளுக்கு அளவு எடுத்து வரைவோம். அந்தப் படம் தன் கற்களுக்குள் சரியாக இருக்கும். ஆனால் அந்தப் புலம் பூமியின் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ரீசர்வேயில் நடப்பது நேர்மாறு. செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறும் நிலையான தரை நிலையங்களின் துணையோடு ஒவ்வொரு மூலைக்கும் ஆயத்தொலைவு எடுக்கிறார்கள், டிரோன் படத்தில் தெரியும் வரப்பைப் பின்பற்றுகிறார்கள். ஆகவே இரு அளவுகளுக்கும் இடையே சிறு வேறுபாடு வருவது இயல்பு.

ஆனால் உங்களுக்குக் குறைவது 9 சென்ட். அதைச் சிறு வேறுபாடு என்று நான் தள்ளமாட்டேன். 2.40 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 98.5 மீட்டர். 9 சென்ட் என்பது 364 சதுர மீட்டர். அதாவது ஒரு பக்கம் முழுவதும் 3.7 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போயிருக்கிறது. அது கிட்டத்தட்ட ஒரு வண்டிப்பாதையின் அகலம். வரப்போரமாக எல்லாரும் நடந்து நடந்து பாதையாகிப்போன இடம் ஏதும் உண்டா, அதை டிரோன் படம் பார்த்துப் பொதுவழி என்று பிரித்துவிட்டார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். அப்படி இல்லையென்றால் பக்கத்து எல்.பி.எம்.மின் பரப்பு அதன் பழைய பரப்பைவிடக் கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒருவருக்குக் குறைந்தது பெரும்பாலும் இன்னொருவர் கணக்கில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

பரப்புக்கும் நான்கு எல்லைக்கும் முரண் வந்தால் பத்திரத்தில் எழுதியுள்ள நான்கு எல்லைகளுக்கே நீதிமன்றங்கள் பொதுவாக முன்னுரிமை தருகின்றன. ஆகவே தாத்தாவின் தமிழ்ப் பத்திரத்தில் செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே உங்கள் பிடி. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இன்றும் நடப்பது பழைய மதராஸ் அரசு போட்ட 1923-ஆம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம்தான். எல்லை மாறினாலும் அது மாறவில்லை. அதன்படி எல்லை முடிவைத் தெரிவிக்கும் 9(2) நோட்டீஸ் உங்கள் தந்தைக்குச் சார்வு செய்யப்பட்டதா, அளவை முடிந்ததென்று சொல்லும் 13-ஆம் பிரிவு அறிவிப்பு எந்த நாளில் வந்தது என்பதைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் காலக்கெடு அந்தத் தேதிகளிலிருந்தே ஓடுகிறது. கூட்டு எல்.பி.எம். உங்களுக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை. ஊருக்கு ஊர் அதே புகார்தான். சித்தப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு உட்பிரிவுக்கு, அதாவது அந்த எண்ணைத் தனித்தனியாகப் பிரிக்க, மனுக் கொடுத்தால் வேலை எளிது; அவர் மறுத்தால் நாள் பிடிக்கும்.

இனி ஏரி. நிலத்தில் ஒரு புள்ளியில் ஒரே மேற்பரப்பு. நீரில் அப்படி இல்லை. மேலே படகு போகும் வழி, நடுவே மீன், அடியில் தரை, தரைக்குக் கீழே கனிமம் என்று ஒரே இடத்தில் நான்கு உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கலாம், நான்கும் நான்கு பேருடையதாகவும் இருக்கலாம். 2012-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19152 என்னும் நில நிர்வாகத் தரம் இதற்காகத்தான் உரிமை, கட்டுப்பாடு, பொறுப்பு மூன்றையும் தனித்தனியே பதியச் சொல்கிறது. நீர்ப்பரப்பையும் அது விட்டுவிடவில்லை. நம் கடலில் இன்று எழுத்தில் இருப்பதில் பெரும்பகுதி கட்டுப்பாடு வகை. ஆந்திரக் கரையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை விசைப்படகு வரக்கூடாது, தமிழ்நாட்டில் 5 கடல் மைல் வரை வரக்கூடாது என்கிறார்கள். அந்த இடம் யாருடையது என்று எந்த ஆவணமும் சொல்வதில்லை. எண்ணெய், காற்றாலை என்று குத்தகைக்கு விடும்போது மட்டும் எல்லா நாட்டுக்கும் கடலைக் கட்டம் போடத் தெரிந்துவிடுகிறது.

பொன்னேரி வழக்குரைஞர்:

சர்வேயர் ஐயா நிலத்தைப் பற்றிச் சொன்னதில் சேர்க்க ஒன்றே ஒன்று உண்டு. ரீசர்வேயில் ஏறிய பெயரே உரிமைக்கு முடிவான சான்று என்று ஆக்க முயன்ற ஆந்திர நில உரிமைச் சட்டம் 2024-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே எல்.பி.எம். எண் என்பது எல்லையையும் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதையும் காட்டும் பதிவு. உரிமை இன்னமும் பத்திரத்தையும் வாரிசையும் பார்த்தே தீர்மானிக்கப்படும்.

பாடு உரிமைக்கு வருகிறேன். நீரில் மீன் பிடிக்கும் உரிமை அசையாச் சொத்தாகுமா என்பது நம் நாட்டில் தீர்ந்துபோன கேள்வி. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 2(6) பிரிவு, அசையாச் சொத்து என்றால் என்ன என்று விளக்கும்போது நிலம், கட்டடம், வழி, ஓடத்துறை ஆகியவற்றோடு மீன்பிடி உரிமையையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. 1955-இல் உச்ச நீதிமன்றம் ஆனந்த பெஹெரா வழக்கில் இதையே உறுதி செய்தது. அந்த வழக்கு எழுந்த இடம் ஒடிசாவின் சிலிகா ஏரி. நம்முடையதைப் போலவே உவர்நீர் ஏரி, இந்தியாவில் பரப்பில் அது முதல், பழவேற்காடு இரண்டாவது. அங்கே ஜமீனிடம் முன்பணம் கட்டி ஏரியின் குறிப்பிட்ட பகுதிகளில் மீன் பிடிக்கும் உரிமை வாங்கியிருந்தார்கள். ஜமீன் ஒழிப்பில் அந்தச் சொத்து அரசுக்குப் போனதும் அரசு அவர்களை ஏற்க மறுத்தது. நிலத்திலிருந்து பயன் எடுக்கும் உரிமை அசையாச் சொத்தே என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அதனாலேயே அவர்கள் தோற்றார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அவர்களுடையதோ வாய்மொழி ஒப்பந்தம். பதிவு இல்லாததால் தோற்ற மீனவர் வழக்கு நமக்கு முன்னரே இருக்கிறது என்பதைக் குப்பத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். சிலிகாக்காரர்கள் விலைக்கு வாங்கியதாகச் சொன்னார்கள். உங்கள் மாமன் வழக்காற்றால் வந்தது என்கிறார். வழக்காற்று உரிமைக்குப் பத்திரம் தேவையில்லை. ஆனால் அது பழமையானது, இடையறாதது, நியாயமானது, திட்டவட்டமானது என்று நான்கையும் நிறுவ வேண்டும். ‘திட்டவட்டமானது’ என்ற இடத்தில்தான் வரைபடம் உதவும். ஆகவே மாமன் மகனின் ஜி.பி.எஸ். புள்ளிகள் உரிமையை உண்டாக்காது. உரிமையைச் சொல்லும் சாட்சிக்கு முதுகெலும்பாக நிற்கும். அதோடு, பாடு முறையில் யார் எந்த நாளில் எந்த இடம் என்று குப்பத்தில் எழுதி வைத்த பழைய நோட்டுகள், தகராறு வந்தபோது காவல் நிலையத்திலோ கோட்டாட்சியர் முன்போ எழுதிக்கொண்ட சமரச முடிவுகள் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். ஒரு உரிமை கோரப்பட்ட, ஏற்கப்பட்ட, அனுபவிக்கப்பட்ட நிகழ்ச்சிகளைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. உள்ளூரில் கசங்கிக் கிடக்கும் சமரச நகல் ஒன்று, அழகான வண்ண வரைபடத்தைவிட நீதிமன்றத்தில் அதிக எடை பெறும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கடலடி நிலமும் அதிலுள்ள பொருளும் அரசியலமைப்பின் 297-ஆம் உறுப்பின்படி ஒன்றிய அரசுக்குச் சேரும். ஏரி கரைக்கு உட்பட்ட நீர். அது மாநிலத்தின் பொறுப்பு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருப்பதால் இரண்டு மாநிலங்கள், இரண்டு பதிவேடுகள். இரு பக்கமும் பறவைகள் சரணாலயம் வேறு அறிவிக்கப்பட்டிருக்கிறது. பலர் சரணாலயம் என்றாலே அஞ்சுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நீருக்குள் இருக்கும் உரிமையை விசாரித்து எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்று நம் கையில் இருப்பது இங்கேதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 19 முதல் 24 வரையுள்ள பிரிவுகளில், சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை, எந்த அளவு என்று ஆட்சியர் விசாரிக்க வேண்டும், அறிவிப்பு வெளியிட்டு கோரிக்கை பெற வேண்டும், உரிமையைத் தொடர அனுமதிக்கவும் செய்யலாம் என்கிறது. உங்கள் குப்பம் தன் கோரிக்கையைக் கொடுத்ததா, அது எங்கே எழுதப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதே நான் முதலில் செய்யும் வேலையாக இருக்கும்.

மிராசுக் கணக்கு:

இந்த வட்டாரத்தின் பழைய நிலக் கணக்குகளைப் பொழுதுபோக்காகப் படித்து வருபவன் என்ற முறையில் மேலே சொன்னதற்கு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். பாடு போன்ற சுழற்சி உரிமை ஒரு காலத்தில் இதே பொன்னேரி, செங்கல்பட்டுச் சீமையின் வயல்களிலும் இருந்தது. மிராசுதாரர்கள் ஊர் நிலத்தைப் பங்குகளாக வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு போட்டு, யாருக்கு எந்த வயல் என்று மாற்றிக்கொள்வார்கள். நல்ல வயலும் மட்ட வயலும் ஒருவரிடமே நின்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பங்கு நிலையானது, இடம் நிலையற்றது. நிரந்தரமாகப் பிரித்துக்கொண்ட ஊர்களை அருதிக்கரை என்றார்கள். செங்கல்பட்டு ஜாகீரில் 1760-களின் இறுதியில் தொடங்கி கம்பெனி அளவையாளர் பார்னார்டு ஊர் ஊராக அளந்தபோதும், 1816-இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதியபோதும் பங்கு முறை உயிரோடு இருந்தது. பின்னர் ஒவ்வொரு உழவரிடமும் அரசு நேரே வரி வாங்கும் ரயத்துவாரி வந்தது; இன்ன எண், இன்ன பரப்பு, இன்னார் பட்டாதாரர் என்று எழுதியது. அந்தப் படிவத்தில் ‘முறை’ என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. அளவை முடிந்த ஊர்களில், யார் அந்த நேரத்தில் எந்த வயலில் நின்றாரோ அது அவருடையது என்று உறைந்துபோயிற்று. எழுத்தறிந்தவர்களும் கணக்குப்பிள்ளைக்கு வேண்டியவர்களும் அதில் நல்ல வயலில் நின்றுகொண்டிருந்ததாக வாய்மொழியாகச் சொல்வார்கள். அதை நான் மறுக்கப்போவதில்லை.

பழவேற்காட்டில் இன்னொரு சிக்கலும் உள்ளது. பாடு இடங்களின் மதிப்பு முகத்துவாரத்தைச் சார்ந்தது. கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவதும், வளர்ந்தபின் வெளியேறுவதும் அந்த வாய் வழியாகத்தான். அதற்கு அருகே இருக்கும் இடமே நல்ல இடம். அந்த வாயோ மணல் சேர்ந்து தூர்ந்துபோகிறது, வேறு இடத்தில் திறக்கிறது, சில காலம் மூடியே கிடக்கிறது. இன்றைய புள்ளிகளை வைத்து ஒரு பலகோணம் வரைந்து இது இந்தக் குப்பத்தின் பாடு என்று பதிந்துவிட்டால், வாய் நகர்ந்தபின் வரைபடம் ஓரிடத்திலும் இறால் வேறிடத்திலும் இருக்கும். அந்த வேறிடத்தில் உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்ல உங்கள் வரைபடமே எதிர்த்தரப்புக்குச் சான்றாகும். வழக்குரைஞர் அவர்கள் சொன்ன ‘திட்டவட்டம்’ இடத்தில் இருக்க வேண்டியதில்லை, விதியில் இருக்கலாம் என்பது என் கருத்து: இத்தனை தலைக்கட்டு, இத்தனை இடம், இந்த வலை, இந்தச் சுழற்சி, வாய் மாறினால் இடத்தை இப்படி மறுபடி வகுப்போம் என்று எழுதலாம்.

இது கற்பனை இல்லை. ஜப்பானில் 1949-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கரையோர மீன்பிடி உரிமையைப் பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் கொடுத்து, நிலம் சார்ந்த உரிமைக்கு ஒப்பாக நடத்தி, பதிவேட்டிலும் ஏற்றுகிறது. உறுப்பினர்களுக்குள் யார் எப்போது எங்கே பிடிப்பது என்பதைச் சங்கமே வகுத்துக்கொள்கிறது. அரசின் பதிவேட்டில் வெளிவேலி மட்டும். உள் ஏற்பாடு ஊருடையது.

மற்றொன்றைத் தங்களிடமே கேட்கலாம் என்று நினைக்கிறேன், அம்மா. பாடு தலைக்கட்டு வழியாக ஆண்களுக்கே இறங்குகிறது. தங்கள் தாயாருக்கு அதில் பங்கு இருந்ததில்லை. பாடு இல்லாத குப்பத்தாரும் அதே ஏரியில், பாடு இடங்களுக்கு வெளியே, வேறு வலையோடு பிழைக்கிறார்கள். தலித் மக்களும் பழங்குடி மக்களும் கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். இன்றைய பாடு பட்டியலை அப்படியே அரசுப் பதிவாக்கினால், பேச்சில் வளைந்து கொடுக்கும் இந்த விலக்கல்கள் எல்லாம் சட்டமாகிவிடும். பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருடைய பெயர் ஏறுகிறது என்பதோடு யாருடைய பெயர் ஏறவில்லை என்பதையும் அதே கூட்டத்தில் பேச வேண்டும் என்கிறேன்.

தடாக்காரி:

மூவருக்கும் நன்றி. 9 சென்ட்டைப் பற்றி ஐயா சொன்னது சரியாக இருக்கும் போலிருக்கிறது. தெற்கு வரப்பை ஒட்டி ஊர் மாடுகள் போகும் வழி ஒன்று உண்டு, அது எங்கள் நிலத்துக்குள்தான் இருந்தது. சித்தப்பாவிடம் பேசியிருக்கிறேன், உட்பிரிவு மனுவில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார். மாமனிடம் கரையீட்டுச் செய்தியைச் சொன்னபோது, வாய் அடைத்த ஆண்டில் இடங்களை மறுபடி வகுத்த நோட்டு ஒன்று குப்பத்துப் பெரியவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அதைத் தேடச் சொல்லியிருக்கிறேன். பாடு இல்லாத குப்பத்தாரை வைத்துக்கொண்டு பேசுவதற்கு மட்டும் அவர் உடனே சம்மதிக்கவில்லை. அதை என்னால் இங்கிருந்து முடிக்க முடியாது, அம்மாவை அனுப்பிப் பார்க்கிறேன். மாமன் மகன் எடுத்த புள்ளிகளை அப்படியே வைத்திருக்கலாமா, மறுபடி எடுக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற சர்வேயர், சூளூர்பேட்டை:

மறுபடி எடுப்பது நல்லது. கைப்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும். வலை கட்டும் இடத்துக்கு அது பெரிய பிழை இல்லை, ஆனால் எத்தனை மீட்டர் பிழை என்று கைப்பேசி காட்டுவதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பாகைகளைத் தசமத்தில் ஐந்து இலக்கம் வரை எழுதினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரும், அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பது வீண். எந்தத் தளம் (ஆயத்தொலைவுக்கு அடிப்படையான புவி அளவுமுறை) என்று கேட்டால் டபிள்யூ.ஜி.எஸ்.84 என்று குறியுங்கள். அரசின் பழைய வரைபடங்கள் வேறு தளத்தில் இருப்பதால் இதைக் குறிக்காவிட்டால் ஏரியில் உங்கள் புள்ளிகள் சில நூறு மீட்டர் தள்ளி விழுந்து, மாநில எல்லைத் தகராறில் தேவையில்லாத குழப்பம் வரும்.

முக்கியமானது இதுதான். மாமன் ஜி.பி.எஸ். பார்த்து வலை கட்டுவதில்லை. கலங்கரை விளக்கத்தையும் கரையில் ஒரு பனையையும் ஒரே நேரில் பிடித்து, குறுக்கே இன்னொரு அடையாளத்தைப் பார்த்துத்தான் கழி ஊன்றுவார். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே அந்த அடையாளங்களை அவர் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள். அன்றைய முகத்துவாரத்தின் இரு கரைகளையும் இரண்டு புள்ளிகளாக எடுத்து, தேதியும் ஓதமா வற்றமா என்பதும் போட்டு, அதே தாளின் தலையில் வையுங்கள். வாய் நகரும் ஒவ்வொரு முறையும் புதுத் தாள் தொடங்குங்கள், பழையதைக் கிழிக்க வேண்டாம். தாளின் அடியில் தலைக்கட்டுகள் கையெழுத்துப் போடட்டும். அருகிலுள்ள குப்பத்தாரில் யாராவது இரண்டு பேர் சாட்சியாகப் போட்டால் பின்னால் மிகவும் உதவும்.

தெற்கு வரப்பு விஷயத்தில், உட்பிரிவு மனுவோடு மாட்டு வழி பற்றித் தனி மனுவாகக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதையும் தீர்வானதாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.